ஈயின் மூளைக்குள் வாசனைக்கு வழி போட்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பழ ஈ தன் முதல் வாசனையை முகர்வதற்கு முன்பே அதன் மூளையில் வாசனைக்கான நரம்புப் பாதை கட்டி முடிக்கப்பட்டுவிடுகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க ஈதான்.

கேள்வி: வாழைப்பழம் வாங்கி வைத்தால் மூன்றாம் நாள் எங்கிருந்துதான் வருமோ, குட்டிக்குட்டி ஈக்கள் மொய்த்துவிடுகின்றன. அந்தத் துளியூண்டு உடம்பில் மூக்கு எங்கே இருக்கிறது? மூளை என்று ஒன்று இருக்கிறதா? – சேலம் வாசகி

மூளை இருக்கிறது. 2024 அக்டோபரில் ஒரு வளர்ந்த பெண் பழ ஈயின் மூளை முழுவதையும் நியூரான் நியூரானாக வரைபடமாக்கி வெளியிட்டார்கள். மொத்தம் 1,39,255 நியூரான்கள், அவற்றுக்கிடையே ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். அத்தனையும் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத இடத்துக்குள்.

நம்முடையதைப் போன்ற மூக்கு கிடையாது. தலைக்கு முன்னால் இரண்டு உணர்கொம்புகள், வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் துருத்தல்கள், இவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். அந்த மயிர்களுக்குள்தான் வாசனை நியூரான்கள் இருக்கின்றன, ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,300. இவை ஏறக்குறைய 50 வகை. ஒவ்வொரு வகையும் பொதுவாக ஒரே ஒரு விதமான வாசனை ஏற்பியை வைத்துக்கொண்டு, அதற்குப் பிடிபடுகிற வாசனைகளுக்கு மட்டும் சிலிர்க்கும். ஒரே வகையைச் சேர்ந்த நியூரான்கள் உணர்கொம்பில் அங்கங்கே சிதறிக் கிடந்தாலும் அவற்றின் நீண்ட இழைகள் (ஆக்சான்கள்) எல்லாம் மூளைக்குள் போய் ஒரே முடிச்சில் சேர்கின்றன. குளோமெருலஸ் என்பார்கள், நான் முடிச்சு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். 50 வகை நியூரானுக்கு சுமார் 50 முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் அடுத்த கட்ட நியூரான் ஒன்றோ சிலவோ காத்திருந்து, செய்தியை வாங்கி மூளையின் உட்பகுதிக்கு அனுப்பும்.

மொய்ப்பதற்குக் காரணம் பழத்தைவிட, பழம் புளிப்பேறும்போது வளரும் ஈஸ்ட். அதனால்தான் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு வைத்தால் ஈக்கள் அதில் விழுந்து மூழ்கிவிடுகின்றன. செய்து பாருங்கள்.

கேள்வி: எலியில் வாசனை ஏற்பிப் புரதமே அந்த நியூரானின் ஆக்சானுக்கு வழிகாட்டுகிறது என்று எங்கள் பாடத்தில் வருகிறது. ஈயிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஏற்பி இல்லாமல் எந்த முடிச்சுக்குப் போவது என்று நியூரானுக்கு எப்படித் தெரியும்? – உயிரியல் முதுகலை மாணவர், திருச்சி

நல்ல கேள்வி. இதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் முதலில் நினைத்தார்கள். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் எலி இனத்தில் வாசனை ஏற்பி மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள் (2004-ல் நோபல் பரிசு). பிறகு எலியில் ஒரு ஏற்பியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் ஆக்சான் போய்ச் சேரும் இடமே மாறுவதைப் பார்த்தார்கள். 1999-ல் ஈயின் ஏற்பி மரபணுக்கள் கிடைத்தபோது, இங்கேயும் அதே கதைதான் என்று பலரும் நம்பியதில் தப்பில்லை.

ஆனால் கதை வேறு. யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்ல்சன் குழு 2003-ல் ஒரு ஏற்பி மரபணுவை நீக்கிய ஈக்களைப் பார்த்தது. அந்த நியூரான்களுக்கு இப்போது வாசனையே தெரியாது, ஆனாலும் அவற்றின் ஆக்சான்கள் போக வேண்டிய முடிச்சுக்கே போய்ச் சேர்ந்திருந்தன. அதற்கு மேல் கால வரிசையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆக்சான்கள் மூளைக்கு வந்து இடம் தேடத் தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் ஏற்பி மரபணுக்கள் பெரும்பாலும் வேலையையே ஆரம்பிக்கின்றன. வீட்டில் சுவருக்குள் ஒயர் இழுத்து சுவிட்சு போர்டு வரை வேலை முடிந்த பிறகுதானே பல்பு மாட்டுகிறோம், அதே வரிசைதான்.

அப்படியென்றால் வழி சொல்வது யார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். அனுப்பும் நியூரான் வரும் முன்பே வாங்கும் நியூரான் தயாராகிவிடுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் பழ ஈயின் கூட்டுப்புழுப் பருவம் ஏறக்குறைய நூறு மணி நேரம். அதில் முதல் 18 மணி நேரத்துக்குள்ளேயே, உணர்கொம்பிலிருந்து ஒரு ஆக்சான்கூட வந்து சேராத நிலையில், அடுத்த கட்ட நியூரான்கள் தங்கள் டென்ட்ரைட்டுகளை (செய்தி வாங்கும் கிளைகளை) பரப்பி, தோராயமான ஒரு வரைபடத்தைப் போட்டுவிடுகின்றன. மேலே யார், கீழே யார், ஓரத்தில் யார் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். உணர்கொம்பின் ஆக்சான்கள் அதன் பிறகு வருகின்றன. சுமார் 50 மணி வாக்கில் முடிச்சுகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, வாங்கும் நியூரானுக்கு மட்டும் தன் இடம் எப்படித் தெரியும்? ஸ்டான்ஃபோர்டில் லிகுன் லுவோவின் ஆய்வகத்தில் கிரெகரி ஜெஃப்ரிஸும் மற்றவர்களும் 2001-ல் கொடுத்த பதில், யாருக்குப் பிறந்தது, எத்தனையாவதாகப் பிறந்தது என்பதுதான். இந்த நியூரான்கள் சில குறிப்பிட்ட தாய்ச் செல்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. ஒரு தாய்ச் செல்லின் வரிசையில், முட்டையிலிருந்து புழு வெளியே வந்ததும் முதலில் பிறக்கும் நியூரான் எப்போதும் டிஎல்1 என்ற ஒரே முடிச்சுக்குத்தான் டென்ட்ரைட்டை அனுப்பும். அடுத்தது வேறு முடிச்சு, அதற்கடுத்தது இன்னொன்று. அந்த ஒரே தாய்ச் செல் மாறாத வரிசையில் 40 வகை நியூரான்களைப் பெற்றுப்போடுகிறது என்று 2010-ல் முழுப் பட்டியலே வந்துவிட்டது. ஜாதகம் பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட வேண்டாம், இங்கே பிறந்த நேரம் வேலை செய்வது மரபணுக்களின் வழியாக.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் நியூரான்களில் டிஸ்கேம் என்ற புரதத்தின் அளவை மாற்றி, அவற்றின் டென்ட்ரைட்டுகளை வேறு இடத்துக்கு நகரவைத்தார்கள் (2006). உணர்கொம்பிலிருந்து வந்த ஆக்சான்கள் பழைய இடத்திலேயே போய் நின்றனவா? இல்லை, நகர்ந்துபோன கூட்டாளியைத் தேடிப் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டன. அதாவது கடைசிக் கட்டத்தில் ஆக்சான் தேடுவது ஒரு இடத்தை அல்ல, ஒரு ஆளை.

கேள்வி: ஐம்பது பேர் நிற்கிற கூட்டத்தில் ஒரு ஆக்சான் தன் ஆளை எப்படி அடையாளம் காண்கிறது? – அதே மாணவர் (இரண்டாவது கடிதத்தில்)

மூன்று கட்டமாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜத்தில் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும்.

முதலில் நியூரானின் வகை முடிவாக வேண்டும். ஒரு மயிருக்குள் ஒன்று முதல் நான்கு நியூரான்கள், எல்லாம் உடன்பிறப்புகள். அவற்றில் நாட்ச் என்ற சமிக்ஞை ஒன்றில் எரியும், பக்கத்தில் இருப்பதில் அணைந்திருக்கும். அந்த ஒரு வித்தியாசத்திலேயே எந்த ஏற்பி, எந்த முடிச்சு என்பது இரண்டுக்கும் வேறுவேறாகப் போய்விடும்.

அடுத்தது பாதை. முப்பரிமாண இடத்தில் ஐம்பது சாத்தியங்களையும் துழாவிக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. 2025-ல் லுவோ குழு காட்டியது என்னவென்றால், ஆக்சான்கள் உருண்டையான அந்த மூளைப் பகுதியின் மேற்பரப்பில் ஒட்டியபடிதான் முதலில் போகின்றன, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வில் போன்ற பாதை, அந்தப் பாதை அதன் கூட்டாளியின் டென்ட்ரைட்டைச் சரியாகக் குறுக்கே வெட்டும். முடிச்சு பின்னால் ஆழத்தில் அமையப்போவதாக இருந்தாலும் முதல் சந்திப்பு மேற்பரப்பில்தான். தேடும் வேலை ஒரே கோட்டுக்குச் சுருங்கிவிட்டது. பாதையைக் கலைத்துவிட்டால் ஜோடி சேர்வதும் குழம்புகிறது.

மூன்றாவது, தொட்டுப் பார்த்து ஆளை உறுதிசெய்வது. செல்லின் மேல்பரப்பில் இருக்கும் புரதங்கள்தான் இதைச் செய்கின்றன. டெனியூரின் என்ற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கத்தில் ஒரு டெனியூரின் அதிகம் என்றால் வாங்கும் பக்கத்திலும் அதே டெனியூரின் அதிகம், இந்தப் பக்கம் குறைவென்றால் அந்தப் பக்கமும் குறைவு. செயற்கையாக அளவை மாற்றினால் தவறான ஜோடிகள் சேர்ந்துவிடுகின்றன (2012). இதைத் தவிர, பொருந்தாதவர்களைத் தள்ளிவிடும் புரதங்களும் உண்டு. எனக்கென்னவோ இந்தத் தள்ளும் புரதங்களுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை, எல்லாரும் ஜோடி சேர்க்கும் கவர்ச்சியைப் பற்றியே எழுதுகிறார்கள்.

கேள்வி: ஈ முதலில் புழுவாகத்தானே இருக்கிறது? புழுவுக்கும் வாசனை தெரியுமே. அந்தப் பழைய நரம்பெல்லாம் என்ன ஆகிறது? – ஒன்பதாம் வகுப்பு மாணவி

நன்றாகத் தெரியும், புழுவுக்குத் தின்பதைத் தவிர வேறு வேலை இல்லையே. அதற்கு ஒரு பக்கத்துக்கு 21 வாசனை நியூரான்கள் மட்டும், முடிச்சும் 21. கூட்டுப்புழுவானதும் அந்த 21-ம் அழிந்துபோகின்றன. அடுத்த கட்டத்தில் இருந்த நியூரான்கள் அழிவதில்லை, பழைய கிளைகளை உதிர்த்துவிட்டுப் புதுக் கிளை விட்டு, வளர்ந்த ஈயின் மூளையிலும் வேலைக்கு வருகின்றன. நினைவுக்கான பகுதியிலும் இப்படி உதிர்ப்பு உண்டு, எக்டைசோன் என்ற ஹார்மோன்தான் அதற்குக் கட்டளை கொடுக்கிறது.

அழிந்துகொண்டிருக்கும் புழு நியூரான்களும் சும்மா போவதில்லை. அவற்றின் ஆக்சான்கள் செமாபோரின் வகைப் புரதங்கள் இரண்டைச் சுரக்கின்றன. அது கீழ்-உட்பக்கத்தில் அதிகமாகவும் தள்ளிப்போகப்போகக் குறைவாகவும் பரவியிருக்கும். புதிதாக வரும் டென்ட்ரைட்டுகளில் சில அந்தப் புரதத்தைக் கண்டால் விலகி எதிர்ப்பக்கம் போகும். வரைபடத்தில் திசை என்று ஒன்று உருவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று 2011-ல் தெரியவந்தது.

புழுவாக இருந்தபோது கற்ற வாசனை ஈக்கு நினைவிருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1994-ல் நினைவிருக்கிறது என்று ஒரு ஆய்வு வந்தது. 2023-ல் அந்த நினைவுப் பகுதியின் நியூரான்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், இணைப்புகள் இந்த அளவுக்குக் கலைந்து மாறும்போது நினைவு தங்குவதற்கு அங்கே இடமே தெரியவில்லை என்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

கேள்வி: எல்லாமே பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டால் ஈ புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாதா? – ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாகர்கோவில்

முடியும். ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சி கொடுத்தால் அடுத்த முறை அந்த வாசனையை விட்டு ஓடும், சர்க்கரை கொடுத்தால் தேடி வரும்.

முடிச்சிலிருந்து கிளம்பும் நியூரான்கள் முக்கியமாக இரண்டு இடத்துக்குப் போகின்றன. ஒன்று பக்கவாட்டுக் கொம்பு என்ற பகுதி. அங்கே இணைப்புகள் ஈக்கு ஈ பெரிய அளவில் மாறுவதில்லை, பிறவியிலேயே வரும் பிடித்தம், பயம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம். இன்னொன்று காளான் உடலம், முன்பு சொன்ன நினைவுப் பகுதி இதுதான், மூளையின் ஒரு பாதிக்கு சுமார் 2,000 நியூரான்கள். இவை ஒவ்வொன்றும் சராசரியாக ஏழு உள்வரும் நியூரான்களிடமிருந்து செய்தி வாங்குகிறது. எந்த ஏழு? 2013-ல் ஆக்செல் குழு இதை எண்ணிப் பார்த்தது, ஒரு ஒழுங்கும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட குலுக்கல்தான்.

இதுதான் இந்த மொத்த விஷயத்திலும் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. முதல் இணைப்பில் ஒரு நூலிழை பிசகக்கூடாது என்று இத்தனை புரதங்களை வைத்துக் காவல் காக்கிற அதே மூளை, அடுத்த இணைப்பில் யாரோடு யார் சேர்ந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறது. காரணமும் இருக்கிறது. ஈ எந்த வாசனையை எந்த அனுபவத்தோடு சேர்த்துக் கற்கப்போகிறது என்பது மரபணுவுக்குத் தெரியாது, அதனால் எல்லாக் கலவைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் வைத்துவிடுவதுதான் நல்லது. “பிறவியா, வளர்ப்பா” என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த ஈயைக் கொஞ்சம் பார்க்கலாம், ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் இரண்டும் இருக்கின்றன.

முதல் நிலையம்கூட முழுக்க உறைந்துபோனதல்ல. கூட்டிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்கள் கார்பன் டை ஆக்சைடு அதிகமுள்ள காற்றில் வளர்த்தால், அந்த வாயுவுக்கான முடிச்சு பருத்துவிடுகிறது (2007). இணைப்பு மாறவில்லை, அளவுதான் மாறுகிறது.

கேள்வி: கர்ப்பிணிகள் தினமும் நல்ல வாசனைகளை முகர்ந்தால் குழந்தையின் மூளை இணைப்புகள் பெருகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஈக்களில் நிரூபித்திருக்கிறார்களாமே? – கோவை வாசகி

ஈ ஆய்வுகள் சொல்வது அதற்கு நேர்மாறு, வாசனையே இல்லாமல் இணைப்பு அமைகிறது என்றுதான். அம்மா சாப்பிடும் உணவின் மணம் பிறந்த குழந்தைக்குப் பழக்கமாக இருக்கும் என்பதற்கு மனிதர்களிடமே செய்த ஆய்வுகள் உண்டு. அது பழக்கம், மூளை பெருப்பது அல்ல. மல்லிகைப்பூ பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டி வாசனைப் புட்டி வாங்க வேண்டாம்.

கேள்வி: ஈக்குப் பிறவியிலேயே பிடிக்காத வாசனை உண்டா? – திண்டுக்கல் வாசகர்

ஜியோஸ்மின். முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்பி நம்மை ஜன்னலுக்கு இழுக்கிற அதே பொருள். சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குவதால், ஈக்கு அது கெட்டுப்போன உணவின் அடையாளம். ஜெர்மனியின் யேனா நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர் 2012-ல் காட்டியபடி இதற்கென்று ஒரே ஒரு வகை நியூரான், ஒரே ஒரு முடிச்சு. அது கிளர்ந்தால் போதும், பக்கத்தில் எவ்வளவு நல்ல வினிகர் இருந்தாலும் ஈக்கு அதில் நாட்டம் குறைந்துவிடும், முட்டையும் இடாது.

கேள்வி: எல்லாப் பெயரும் வெளிநாட்டுப் பெயராகவே இருக்கிறதே, நம் ஆட்கள் யாரும் இல்லையா? – சென்னை வாசகர்

இருக்கிறார்கள், அதுவும் ஆரம்பத்திலேயே. மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் ஒபைத் சித்திகி 1970-களில் ஈயின் வாசனை, சுவை உணர்வுகளை மரபணு வழியாக ஆராயத் தொடங்கினார். அப்போது உலகில் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். நைரோபியில் பிறந்து டப்ளினில் படித்துக்கொண்டிருந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், சித்திகியின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவருக்கு எழுதி, மும்பைக்கே ஆராய்ச்சி மாணவியாக வந்துவிட்டார். வாசனை தெரியாத விகாரி (மரபணு மாறிய) ஈக்களைப் பிரித்தெடுத்து 1978-ல் இருவரும் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று. வெவ்வேறு வாசனைக்கு மூளையின் வெவ்வேறு முடிச்சு விழிப்பதை 1988-லேயே ரோட்ரிக்ஸ் காட்டினார், ஏற்பி மரபணு கிடைப்பதற்குப் பதினோரு வருடம் முன்பு. பின்னாளில் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தில் அவரும் கே. விஜயராகவனும் இதே இணைப்புகள் எப்படி உருவாகின்றன என்பதில் நிறைய வேலை செய்தார்கள். ரோட்ரிக்ஸ் 2010-லும், சித்திகி 2013-லும் காலமானார்கள். நம் பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கேள்வி: ஈயின் மூக்கை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டலாம். – பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

மருத்துவமனையும் கட்டட்டும். மேலே சொன்ன டெனியூரின் நம் உடம்பிலும் இருக்கிறது. எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவுக்கும் இட அறிவுக்கும் முக்கியமான பகுதியில், நியூரான்கள் சரியான கூட்டாளியைச் சேர்வதற்கு டெனியூரின்-3 தேவை என்று 2018-ல் காட்டியதும் லுவோவின் ஆய்வகம்தான். ஈயில் பார்த்திருக்காவிட்டால் அங்கே தேட யாருக்குத் தோன்றியிருக்கும்?

கேள்வி: இவ்வளவு தெரிந்திருக்கிறதென்றால், ஒரு வாசனைக்கான இழையை வேண்டுமென்றே வேறு இடத்தில் கோத்துவிட முடியுமா? – மென்பொறியாளர், பெங்களூரு

முடியும், செய்துவிட்டார்கள். 2025-ல் வெளியான வேலை இது, மறுபடியும் லுவோ குழு. ஆண் ஈக்கு ஒரு ஃபெரமோன், அதாவது தன் இனத்துக்குச் செய்தி சொல்லும் வாசனை, உண்டு. ஒரு ஆண் இன்னொரு ஆணை நெருங்கும்போது இந்த வாசனை பட்டால், காதல் சேட்டையை நிறுத்திக்கொள்ளும். இதை உணரும் நியூரான் வகையை மட்டும் எடுத்து, அதன் மேற்பரப்புப் புரதங்களின் கலவையை மாற்றினார்கள். பழைய கூட்டாளியோடு விலக்கத்தைக் கூட்டினார்கள், புதிய கூட்டாளியோடு விலக்கத்தைக் குறைத்தார்கள், புதியவரோடு கவர்ச்சியைப் பொருத்தினார்கள். ஒரே ஒரு புரதத்தை மட்டும் மாற்றினால் இவ்வளவு நடக்காது, பலவற்றைச் சேர்த்து மாற்றியபோது அந்த ஆக்சான்கள் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கட்சி மாறி, காதலைத் தூண்டுகிற வேறொரு நியூரான் வகையோடு இணைந்துகொண்டன.

விளைவு, “வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய வாசனை “வா” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த ஆண் ஈக்கள் மற்ற ஆண்களைத் துரத்தித் துரத்திக் காதலித்தன. வாசனை அதேதான், அதைப் பிடிக்கிற ஏற்பியும் அதேதான், இழை போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு. இது ஒரு தடவை தற்செயலாக நடந்ததோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக, அதே மூன்று உத்திகளை வைத்து இன்னொரு நியூரான் வகையையும் எடுத்து, ஒன்றல்ல, பல வேறு கூட்டாளிகளோடு மாற்றி மாற்றிக் கோத்துக் காட்டியிருக்கிறார்கள்.